பழைய பிரிண்டரை வீட்டு ரூட்டரில் இணைப்பது எப்படி?

கடை வாடகை கட்டுப்படியாகாமல் ஆபீசை மூடிவிட்டு, கணக்கு வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட வியாபாரிகள் நம்மில் பலர் உண்டு. மேசை வந்தது, அலமாரி வந்தது, பழைய பேரேடுகளும் வந்தன. அவற்றோடு லாரியில் ஏறி வந்த பெரிய லேசர் பிரிண்டர் மட்டும் பல வீடுகளில் மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. "இது பழையது, இதில் வைஃபை கிடையாது, வீட்டில் வேலை செய்யாது" என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டார், நாமும் நம்பிவிட்டோம். பில் அடிக்க வேண்டிய போதெல்லாம் கணக்கைத் தம் டிரைவில் ஏற்றிக்கொண்டு போட்டோஸ்டட் கடைக்கு நடக்கிறோம்.

இதில் நட்டம் வெறும் நடையும் சில்லறையும் மட்டும் அன்று. அந்தக் கடையின் கம்ப்யூட்டரில் நம் பில் திறக்கப்படுகிறது. வாடிக்கைக்காரர் பெயர், அவருக்கு நாம் கொடுக்கும் விலை, அவர் வைத்திருக்கும் பாக்கி ஆகிய யாவும் அங்கே ஒரு பிரதியாகத் தங்கிவிடக்கூடும். கொள்முதல் விலையை அடுத்த கடைக்காரர் காதில் விழாமல் காப்பவன் வியாபாரி. அப்படிப்பட்டவன் தன் விலைப் பட்டியலை வாரம் இரண்டு முறை ஊரார் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு வருவது என்ன கணக்கு?

மூலையில் நிற்கும் அந்தப் பிரிண்டர் நன்றாகவே வேலை செய்யும். வைஃபை இல்லாதது அதற்கு ஒரு குறையே அன்று. அதன் முதுகில் வலைக் கேபிள் செருகும் வாய் இருந்தால் போதும். வீட்டு ரூட்டரின் பின்புறத்திலும் அதே வாய்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரு கேபிளால் சேர்க்க வேண்டியதுதான். ஆனால் கேபிளைச் செருகிவிட்டு, "நானும் செருகிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை" என்று கைவிட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு வராமற்போனதன் காரணம் பெரும்பாலும் ஒன்றே. பிரிண்டர் வீடு மாறி வந்துவிட்டது. அதன் விலாசம் மட்டும் பழைய ஆபீசு விலாசமாகவே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால் மற்றவை எல்லாம் சுலபம்.

உதாரணத்துக்கு எச்.பி. லேசர்ஜெட் 4050 என்னும் மாடலை எடுத்துக்கொள்வோம். 1999 இல் விற்பனைக்கு வந்த இயந்திரம் இது. பெயரின் கடைசியில் 'என்' என்ற எழுத்து உள்ளவற்றில் ஜெட்டைரக்ட் என்னும் வலை அட்டையைக் கம்பெனியே பொருத்திக் கொடுத்தது. பிரதர், கியோசெரா, ரிக்கோ முதலிய மற்றக் கம்பெனிகளின் இயந்திரங்களிலும் பட்டன்களின் பெயர் மாறுமே தவிர முறை மாறாது. இந்த 4050 க்கான பெரிய டோனர் உருளை ஒன்று உத்தேசமாக 10,000 பக்கம் அடிக்கும். சிறிய இங்க்ஜெட் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டு, பிறகு மைக்கு அழுகின்றவர்கள் இந்த எண்ணை ஒருமுறை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

முதலில் பிரிண்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பல வாய்கள் இருக்கும். அகலமான நீண்ட வாய், பழைய நாளில் கம்ப்யூட்டருடன் நேரே இணைத்த தடித்த கேபிளுக்கு உரியது. அது நமக்கு வேண்டாம். டெலிபோன் வாயைப் போலத் தோற்றம் உள்ளதாய், அதைவிடச் சற்று அகலமாய், உள்ளே எட்டுச் செப்புத் தகடுகள் வரிசையாய் உள்ளதே வலை வாய். பேக்ஸ் வசதி உள்ள இயந்திரங்களில் டெலிபோன் வாயும் பக்கத்திலேயே இருக்கும். அதில் செருகிவிட்டு இரண்டு நாள் அலைந்தவர்கள் உண்டு. மிகப் பழைய அட்டைகளில் வட்டமான உலோக வாய் ஒன்றும் இருக்கும். அது ஒழிந்துபோன ஒரு கேபிள் முறைக்கு உரியது. அதைத் தொட வேண்டியதில்லை.

கேபிள் வாங்கும்போது விலையுயர்ந்ததைக் கேட்க வேண்டாம். 'கேட் 5இ' என்று மேலே அச்சிட்ட சாதாரணக் கேபிள் தாராளமாகப் போதும். 100 மீட்டர் வரை ஓடலாம் என்பது விதி. நம் வீடுகளில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியிராது. முன் காலத்தில் சில இணைப்புகளுக்கு 'கிராஸ்' கேபிள் என்று தனியாக ஒன்று தேவைப்பட்டது. இன்றைய ரூட்டர்கள் அந்த வேறுபாட்டைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. ஆகவே கடைக்காரர் கிராஸ் கேபிளை எடுத்து நீட்டினால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனி ரூட்டர் பக்கம் வருவோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பைபர் இணைப்பு உள்ள பல வீடுகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும். சுவரிலிருந்து வரும் மெல்லிய கண்ணாடி இழை நுழைவது முதல் பெட்டி. அதிலிருந்து கேபிள் வாங்கி வீட்டுக்கெல்லாம் இணையத்தைப் பங்கிடுவது இரண்டாவது, அதுவே ரூட்டர். பிரிண்டரை முதல் பெட்டியில் செருகக் கூடாது. ரூட்டரிலும் நிறம் வேறாக, தனியே ஒதுங்கி நிற்கும் வாய் ஒன்று உண்டு. அது வெளியிலிருந்து இணையம் வரும் வாசல்; அதுவும் ஆகாது. ஒரே வரிசையில் 1, 2, 3, 4 என்று எண்ணிட்ட வாய்களில் ஏதேனும் ஒன்றில் செருக வேண்டும். புது அடுக்குமாடி வீடுகளில் அறைதோறும் சுவரில் வலை வாய் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவர் வாயில் பிரிண்டரைச் செருகினால் மட்டும் போதாது. அதன் மறுமுனை வாசற்பக்கத்து அலமாரிப் பெட்டியில் வந்து நிற்கும். அந்த முனையையும் ரூட்டரோடு சேர்க்க வேண்டும்.

மின்சார விஷயத்தில் ஒரு சொல். ரூட்டரும் கம்ப்யூட்டரும் யு.பி.எஸ். என்னும் பேட்டரிப் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தால், லேசர் பிரிண்டரையும் அதிலேயே செருகிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் உருளை சூடாகும் நேரத்தில் அது திடீரென்று மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். பேட்டரிப் பெட்டி தாங்காது. சுவர்ப் பிளக்கில் நேராகக் கொடுப்பதே முறை.

கேபிளைச் செருகிப் பிரிண்டரைப் போட்டவுடன் வலை வாயின் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் கம்பி வழி சரி. எரியாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். ரூட்டரில் வேறு வாயில் செருகிப் பாருங்கள். அப்படியும் எரியவில்லை என்றால் வேறொரு காரணம் இருக்கலாம். மிகப் பழைய அட்டைகள் சில 10 மெகாபிட் வேகம் ஒன்றே தெரிந்தவை. மிகப் புதிய ரூட்டர்களில் 2.5 கிகாபிட் என்று பெருமையாக எழுதிய வாய்கள் உண்டு. அவற்றுட் சில 10 என்ற பழைய வேகத்தை அறவே மறந்துவிட்டவை. பேரனுக்குத் தாத்தாவின் பேச்சு விளங்காத கதைதான். நடுவில் மலிவான சிறு சுவிட்சுப் பெட்டி ஒன்றை, 10/100 என்று எழுதியதாகப் பார்த்து வாங்கி வைத்தால், அது இருவருக்கும் துபாஷியாக நின்று பேச வைத்துவிடும்.

விளக்கு எரிந்துவிட்டது, ஆயினும் பிரிண்டர் வேலை செய்யாது. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். இங்கே நாம் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வலையில் உள்ள ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஐ.பி. எண் என்று ஒரு விலாசம் உண்டு. புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்கள் அதில் இருக்கும். வீட்டு ரூட்டரின் எண் 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். இதில் முதல் மூன்று எண்களைத் தெருப் பெயர் என்றும், கடைசி எண்ணைக் கதவு நம்பர் என்றும் கொள்ளலாம். வீட்டில் உள்ள கம்ப்யூட்டர், கைபேசி எல்லாம் 192.168.1 என்ற அதே தெருவில், வெவ்வேறு கதவு நம்பரில் குடியிருக்கும். ஒரே தெருவில் இருப்பவை ஒன்றையொன்று நேரே கூப்பிடும். தெரு வேறானால் கூப்பிட்ட குரல் போய்ச் சேராது.

பழைய ஆபீசில் உங்கள் பிரிண்டரை வைத்துக் கொடுத்த ஆள் அதற்கு 10.0.0.25 என்றோ வேறு எதுவோ ஒரு விலாசத்தை நிலையாக எழுதி வைத்திருப்பார். பிளக்கைப் பிடுங்கினாலும், ஆண்டுக்கணக்கில் துணி போர்த்தி வைத்திருந்தாலும் அந்த எழுத்து அழியாது. பிரிண்டர் இன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, தான் இன்னும் அந்தத் தெருவிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறது.

அது என்ன விலாசத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதை அதனிடமே கேட்கலாம். கம்ப்யூட்டர் தேவையில்லை. 4050 இன் முகப்பில் உள்ள 'மெனு' பட்டனை 'இன்ஃபர்மேஷன் மெனு' என்று வரும்வரை அழுத்துங்கள். பிறகு 'ஐட்டம்' பட்டனை 'பிரிண்ட் கான்ஃபிகரேஷன்' என்று வரும்வரை அழுத்தி, 'செலெக்ட்' பட்டனைத் தட்டுங்கள். காகிதம் வெளியே வரும். வலை அட்டையைப் பற்றிய பக்கத்தில் 'ஐ.பி. அட்ரஸ்' என்ற வரியைத் தேடுங்கள். இந்தக் காகிதம் வைத்தியர் பார்க்கும் நாடி போன்றது. இதைப் பாராமல் வேறு எதையும் செய்ய முற்படுவது வீண் வேலை.

அங்கே உங்கள் வீட்டுத் தெருவின் எண்ணே அச்சாகியிருந்தால் ரூட்டர் தானாகவே விலாசம் வழங்கிவிட்டது என்று பொருள். டி.எச்.சி.பி. என்ற பெயரில் ரூட்டர் அந்த வேலையைச் செய்கிறது. 192.0.0.192 என்று இருந்தால், எவரும் விலாசம் கொடுக்காததால் பழைய ஜெட்டைரக்ட் அட்டை தானே சூட்டிக்கொண்ட பெயர் அது. 169.254 என்று தொடங்கினால் சற்றுப் பிந்திய இயந்திரங்கள் அதே நிலையில் சூட்டிக்கொள்ளும் பெயர். இவை மூன்றும் அல்லாத வேறு எண் இருந்தால், முந்திய ஆபீசின் எச்சம்.

ரூட்டர் கொடுத்த விலாசம் சரியாக இருந்தாலும் அதோடு நின்றுவிட வேண்டாம் என்பது நம் கருத்து. ரூட்டர் கொடுப்பது வாடகை விலாசம். மின்சாரம் போய் வந்தாலோ, பிரிண்டர் பல நாள் அணைந்து கிடந்தாலோ வேறு கதவு நம்பர் கொடுத்துவிடக்கூடும். கம்ப்யூட்டரோ பழைய கதவையே போய்த் தட்டிக்கொண்டிருக்கும். "நேற்று அடித்தது, இன்று அடிக்கவில்லை" என்ற புலம்பலுக்குப் பாதி இதுவே காரணம். அடிக்கடி இடம் மாறும் கடைக்கு வாடிக்கை நிற்குமா? பிரிண்டருக்குச் சொந்தக் கதவு நம்பர் ஒன்றை நிலையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அதற்கு எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், அது எந்த எண் முதல் எந்த எண் வரை வாடகைக்கு விடுகிறது என்று காட்டும். 100 முதல் 199 வரை என்று இருந்தால், அதற்கு வெளியே 50 என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விலாசம் 192.168.1.50 ஆகிவிட்டது. 'சப்நெட் மாஸ்க்' என்று கேட்கும் இடத்தில் 255.255.255.0 என்று கொடுக்க வேண்டும். தெருப் பெயர் எதுவரை என்று அளவு காட்டும் எண் அது.

4050 இல் இதை எழுதுவது சற்றே எரிச்சலூட்டும் வேலை. மெனுவில் ஜெட்டைரக்ட் பகுதிக்குச் சென்று, வலை அமைப்பை மாற்ற வேண்டும் என்பதற்கு 'எஸ்' கொடுத்து, அடுத்து டி.சி.பி./ஐ.பி. அமைப்புக்கும் 'எஸ்' கொடுக்க வேண்டும். தானாக விலாசம் வாங்கும் 'பூட்பி', 'டி.எச்.சி.பி.' வரிகளை 'நோ' ஆக்கிவிட்டால், விலாசத்தின் நான்கு எண்களும் ஒவ்வொன்றாக வரும். கூட்டல், கழித்தல் பட்டனால் எண்ணை ஏற்றி இறக்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் 'செலெக்ட்' தட்ட வேண்டும். தட்ட மறந்தால் எண் நிற்காது. முடிந்தபின் பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, முன் சொன்ன காகிதத்தை மீண்டும் அச்சடித்துப் பாருங்கள். 192.168.1.50 என்று வந்தால் இயந்திரம் உங்கள் தெருவுக்குக் குடிவந்துவிட்டது.

'கேட்வே' என்று ஒரு வரியும் வரும். தெருவைவிட்டு வெளியூர் போகும் வாசல் அது. வழக்கமாக ரூட்டரின் எண்ணை அங்கே எழுதச் சொல்வார்கள். வீட்டுக்குள் பில் அடிக்க அது தேவையில்லை. ஆகவே நாம் அதை 0.0.0.0 என்றே விட்டுவிடுவது வழக்கம். பழைய பிரிண்டருக்கு வெளியுலகத்தோடு என்ன பேச்சு? காவல் இல்லாத நாளில் செய்யப்பட்ட இயந்திரம் அது. யார் வந்து எதைக் கொடுத்தாலும் அச்சடித்துத் தள்ளும். 2018 ஆம் ஆண்டின் கடைசியில் ஒருவர் இணையத்துக்குத் திறந்து கிடந்த பிரிண்டர்களைத் தேடிப் பிடித்து, உலகின் பல பாகங்களிலும் அவற்றில் தமக்குப் பிடித்த யூட்யூப்காரர் ஒருவருக்கு விளம்பரம் அடித்துவிட்டார். சுமார் 50,000 இயந்திரங்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். அவர் நுழைந்த வழிகளில் முக்கியமானது 9100 என்னும் கதவு. நம் பிரிண்டர் வேலை வாங்குவதும் அதே கதவில்தான். வெளியூரிலிருந்தும் அச்சடிக்க வசதி செய்து தருகிறேன் என்று எவரேனும் ரூட்டரில் அந்தக் கதவைத் திறந்துவிட முன்வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனிக் கம்ப்யூட்டருக்கு அந்த விலாசத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, 'பிங்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, இடம் விட்டு 192.168.1.50 என்று கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். பதில் வராவிட்டால், கம்ப்யூட்டர் விருந்தினருக்கான வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வருபவருக்கென்று ரூட்டரில் தனியாக ஒரு வைஃபைப் பெயர் இருக்கும். அதில் இருப்பவர்களுக்கு வீட்டு உள்ளறைகள் தெரியாதபடி ரூட்டரே திரை போட்டுவிடும். கம்ப்யூட்டர் வீட்டு வைஃபையில் இருந்தால் போதும். அதற்குக் கேபிள் வேண்டியதில்லை.

விண்டோஸ் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் என்று காத்திருக்க வேண்டாம். இவ்வளவு பழைய இயந்திரத்தை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. பிரிண்டர் சேர்க்கும் பக்கத்தில், தேடிக் கிடைக்கவில்லை என்ற இடத்தில் கையால் சேர்க்கும் வழி ஒன்று காட்டும். அதில் ஐ.பி. எண்ணைக் கொடுத்துச் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, வகை 'டி.சி.பி./ஐ.பி. டிவைஸ்' என்று வைத்து, எண்ணை அடிக்க வேண்டும். மேக் கம்ப்யூட்டராக இருந்தால் அதே போல் ஐ.பி. பகுதிக்குச் சென்று, 'ஜெட்டைரக்ட் சாக்கெட்' என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிரைவர் என்ற மென்பொருள் கேட்கும்போது பழைய குறுந்தட்டைத் தேடி வீட்டைக் கலைக்க வேண்டாம். எச்.பி. கம்பெனியின் 'யூனிவர்சல் பிரிண்ட் டிரைவர்' ஒன்றே அதன் பல லேசர் மாடல்களுக்குப் பொதுவானது. 4050 இயந்திரம் பி.சி.எல். 6 என்ற மொழியையும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியையும் அறியும். இரண்டில் எதற்கான டிரைவரும் ஒத்துவரும். டிரைவரைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்கும் 'இலவச டிரைவர்' கடைகளில் பல, வேண்டாத சரக்கையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பவை. ஆங்கிலம் சரியாக வந்து தமிழ் எழுத்து மட்டும் சிதைந்து வந்தால், டிரைவரின் அமைப்பில் எழுத்துகளைப் படமாக அனுப்பும் தெரிவைப் போட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரே எழுத்தை வரைந்து கொடுத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று விண்டோஸ் சாதிப்பது உண்டு. பிரிண்டரின் 'போர்ட்' அமைப்பில் 'எஸ்.என்.எம்.பி.' என்ற வரியில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் அந்த வழியில் நலம் விசாரித்து, பழைய அட்டை பதில் சொல்லாததால் ஆள் ஊரில் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. விசாரணையை நிறுத்தினால் வேலை நடக்கும்.

கைபேசியிலிருந்து நேராக அடிக்கலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஐபோன்காரர்களின் ஏர்பிரிண்ட் 2010 இல் வந்தது. 1999 ஆம் ஆண்டு இயந்திரத்துக்கு அது தெரியாது. நடுவில் ஒரு கம்ப்யூட்டரை நிறுத்திச் செய்ய வழி உண்டு. ஆனால் பில் அடிப்பது கம்ப்யூட்டரிலுள்ள கணக்கு மென்பொருளிலிருந்து என்றால் அந்தச் சிரமம் எதற்கு?

கார்பன் பிரதியோடு பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு: அவற்றில் பலவற்றுக்கு வலை வாய் கிடையாது. 'பிரிண்ட் சர்வர்' என்ற சிறு பெட்டி ஒன்று இடையில் வேண்டும். ஒரு பக்கம் பிரிண்டர் கேபிளையும் மறு பக்கம் வலைக் கேபிளையும் அது ஏற்கும். விலாசம் அந்தப் பெட்டிக்கு உரியது. மற்ற முறை எல்லாம் மேலே சொன்னதே.

ஒரே ஒரு வேலை பாக்கி. இணையக் கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து புது ரூட்டர் வரும் நாளில், அது 192.168.1 க்குப் பதில் 192.168.0 என்ற தெருவை வைத்துக்கொண்டு வரலாம். அன்று பிரிண்டர் மறுபடியும் பழைய தெருவில் தனியே நிற்கும். ஆகவே அதன் விலாசம், மாஸ்க், எழுதிய தேதி ஆகியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். புது ரூட்டர் வைக்க வரும் ஆளிடம் அந்தச் சீட்டைக் காட்டி, வீட்டுத் தெருவைப் பழைய எண்ணுக்கே மாற்றி வைக்கச் சொன்னால், பிரிண்டரைத் தொடாமலே அன்று மாலை பில் அடிக்கலாம்.